600 வெள்ளிக்கு எந்தப் புத்தகம்?

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு இந்த வருஷம் 600 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தது. நாங்கள் 14 பேர். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர், பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்கள் சிலர், மற்றவர்கள் என்னைப் போல பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள். பணம் கொடுத்த பெரியவர் ஒன்றுதான் கேட்டார்: ஒரே புத்தகத்தை வாங்கி மூன்று மாதம் எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டும். தலைமை, நற்பெயர், அறிவியல், சமூகம் என்று நாலையும் அது தொட வேண்டும்.

கடையில் தலைமைத்துவ அலமாரிக்குப் போய்ப் பார்த்தால் பத்துக் கட்டளை, ஏழு பழக்கம் என்கிற மாதிரிப் புத்தகங்கள்தான் நிறைய. அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். கட்டளையை வாசித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து வாதம் செய்ய நடந்த கதை ஒன்று வேண்டும். கடைசியில் நாலு புத்தகம் நின்றன. முடிவெடுப்பதற்கு முன் நாலு ஞாயிறு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பகுதியை வாசித்துப் பார்த்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வட்டம் நடத்துகிறீர்கள் என்றால், நாங்கள் பார்த்தது உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, பெரியவர் மனதில் இருந்த புத்தகமே. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’. தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் இதைக் கையில் வாங்காத பிள்ளை எங்கள் வட்டத்தில் குறைவு. ஆனால் முழுதாகப் படித்தவர் யார் என்று கேட்டபோது மூன்று கைதான் எழுந்தது.

நாங்கள் எடுத்தது எஸ்.எல்.வி.3 ராக்கெட்டின் கதை. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது, 317 விநாடியில் கடலில் விழுந்தது. கலாம்தான் திட்ட இயக்குநர். ஏவுவதற்கு முன் கணினி நிறுத்தச் சொன்னதையும், கூட இருந்த நிபுணர்களின் பேச்சை நம்பி அதை மீறி ஏவச் சொன்னதையும் அவரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். அன்றைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்றவர் கலாம் அல்ல, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18ஆம் தேதி அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபோது, பத்திரிகையாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார். அடி விழும்போது முன்னால் நிற்பது, மாலை விழும்போது பின்னால் போவது. தலைமையைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு நிகழ்ச்சியை எங்கேயும் நான் படித்ததில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்தது. தமிழில் தடங்கலில்லாமல் ஓடுகிறது, ராமேஸ்வரத்துப் பேப்பர் போடும் பையன் என்ற தொடக்கமே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பேச்சு அரைமணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. எல்லாரும் ஒத்துப்போனார்கள். கலாம் நல்லவர், தவான் பெரியவர், சரி, அப்புறம்? நடுப்பகுதியில் எரிபொருள், கட்டம், சோதனை என்று தொழில்நுட்பம் கனமாக வருகிறது, அங்கே பலர் நழுவிவிடுவார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராக்கெட்டும் ஏவுகணையும் அடுத்தடுத்து வருகிற அந்தக் கதையில், ஆயுதம் ஒரு சமூகத்தை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அதிகம் இடமில்லை. நாலில் மூன்றை இந்தப் புத்தகம் அருமையாகத் தொடுகிறது, சமூகத்தை மட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறது.

இரண்டாவது புத்தகம் நம் ஊர்க்காரருடையது. கிரீன் லேனில் ஃப்ரீ ஸ்கூல் பக்கம் போகிறவர்கள் ‘தாமான் வூ லியென் தே’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1879இல் பினாங்கில் பிறந்து, ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய் டாக்டராகத் திரும்பியவர் அவர். ‘பிளேக் ஃபைட்டர்’ என்ற தன்வரலாறு 1959இல் வந்தது. அடுத்த ஜனவரியில் பினாங்கிலேயே இறந்தார்.

வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் பிளேக்கை அடக்கியவர் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு முன் இங்கே அவருக்கு நடந்தது அவ்வளவாகத் தெரியாது. அபினுக்கு எதிராக அவர் ஓயாமல் பேசினார். அபின் வியாபாரம் அன்று பெரிய பணம், பெரிய மனிதர்களின் பணம். 1907இல் அவருடைய மருந்தகத்தைச் சோதனை போட்டு, அபின் கலந்த மருந்துக் கரைசல் ஒரு அவுன்ஸ் இருந்தது என்று வழக்குப் போட்டுத் தண்டம் கட்ட வைத்தார்கள். அபினை எதிர்த்தவர் அபின் வழக்கில் குற்றவாளி! சொந்த ஊரில் பெயர் கெட்ட மனிதராகத்தான் அவர் சீனாவுக்குக் கப்பலேறினார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்துக்குப் போய்ச் சேரும்போது அவருக்கு வயது 31. இறந்துபோன ஒரு பெண்ணின் உடலைத் திறந்து பார்த்து, இது எலித் தெள்ளுப்பூச்சியால் பரவும் பிளேக் அல்ல, நுரையீரலைத் தாக்கி மூச்சுக் காற்றில் பரவுவது என்று கண்டுபிடித்தார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்து அடுக்கிய முகக்கவசத்தை எல்லாரும் போட வேண்டும் என்றார். அனுபவசாலியான மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை, இளம் சீன டாக்டர் தனக்குச் சொல்வதா என்று அவமதித்தார். முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் அதே நோயில் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஊர் முழுக்கத் துணியை முகத்தில் கட்டியது. மண் உறைந்துபோய்க் குழி வெட்ட முடியாமல் சவப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. மூதாதையர் உடலை எரிப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாத ஒரு சமூகத்தில், சக்கரவர்த்தியின் அனுமதி வாங்கி 1911 ஜனவரி 31ஆம் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை எரித்தார். சுமார் 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் சில வாரங்களில் அடங்கியது.

இந்த ஞாயிறுதான் மண்டபத்தில் சத்தம் அதிகம். கோவிட் காலத்தில் முகக்கவசத்துக்காக வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தாத்தாவின் உடலைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னபோது எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். அறிவியல் சரியாக இருந்தாலும் சமூகத்தின் துக்கத்தை அது எப்படித் தொட வேண்டும் என்ற கேள்வி, யாரும் கேட்காமலே அங்கே வந்து உட்கார்ந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதை ஏன் முதலில் வைக்கவில்லை என்றால், புத்தகம் படிக்கக் கடினம். அறுநூறு பக்கத்துக்கு மேல். தன்னைப் பற்றியே ‘அவர்’ என்று படர்க்கையில் எழுதிக்கொண்டு போகிறார். மாநாடுகள், பட்டியல்கள், சந்தித்த பிரமுகர்கள் என்று நீண்ட பகுதிகள் உண்டு. பழைய ஆங்கிலம். ஹார்பின் பகுதியை மட்டும் எடுத்துப் படித்தால் தங்கம், முழுதாகப் படிக்கச் சொன்னால் இரண்டாவது மாதம் மண்டபத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் இருப்போம்.

மூன்றாவது, ரேச்சல் கார்சனின் ‘சைலண்ட் ஸ்பிரிங்’. 1962இல் அமெரிக்காவில் வந்தது. டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் மண்ணில் இறங்கி, புழுவுக்குப் போய், புழுவைத் தின்ற பறவைக்குப் போய், முட்டை வரை எப்படிச் சேர்கின்றன என்று ஆதாரத்தோடு சொன்ன புத்தகம். ரசாயனக் கம்பெனிகள் அவரைச் சும்மா விடவில்லை. உணர்ச்சிவசப்பட்ட பெண், விஞ்ஞானியே இல்லை என்றெல்லாம் பேசினார்கள். அந்த நேரத்தில் அவருக்கு மார்பகப் புற்றுநோய். அது வெளியே தெரிந்தால் அதனால்தான் இப்படி எழுதுகிறார் என்று சொல்வார்கள் என்பதால் மறைத்துக்கொண்டே சாட்சி சொல்லப் போனார். 1963இல் ஜனாதிபதி கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் பக்கம்தான் பேசியது. 1964 ஏப்ரலில், 56 வயதில் இறந்தார். அமெரிக்கா டி.டி.டி.யை விவசாயத்தில் தடை செய்தது 1972இல்.

இதை என்னால் நடுநிலையாக எடைபோட முடியாது, சொல்லிவிடுகிறேன். என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தவர். முதுகில் பம்ப்பைக் கட்டிக்கொண்டு பால்மர வரிசைக்கு நடுவே லாலான் புல்லுக்கு மருந்து அடிப்பார். நீலமும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு மருந்து, அதைக் கையால் கலக்குவார்கள். சோறு பிசையும்போது பாட்டியின் வலது கையைப் பார்த்திருக்கிறேன். ஆள்காட்டி விரல் நகமும் நடுவிரல் நகமும் வெள்ளையாகிப் பாதியில் உடைந்திருக்கும். புளி படக்கூடாது என்று அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் பிசைவார். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி நகத்தை அப்படி ஆக்கும் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது பாட்டி உயிரோடு இல்லை. நம் நாட்டில் அந்த மருந்தைத் தடை செய்வதாக 2002இல் அறிவித்தார்கள், 2006இல் தடையைத் தளர்த்தினார்கள், ஒருவழியாக 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் தடை முழுதாக நடப்புக்கு வந்தது.

அந்த நீண்ட போராட்டத்தில் பினாங்குக்குப் பங்கு உண்டு. பூச்சிக்கொல்லிகளை எதிர்த்து ஆசிய அளவில் இயங்கும் பேன் ஆசியா பசிபிக் அமைப்பு இங்கிருந்துதான் வேலை செய்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை 2019இல் இறக்கும்வரை வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ் ஐயாவைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைச் சட்டையும் கைலியுமாக. அந்தச் சங்கம் தமிழிலேயே ‘பயனீட்டாளர் குரல்’ நடத்தியது. எங்கள் வீட்டில் அதன் பழைய பிரதிகள் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. கார்சனைப் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, பாட்டியிடம் கேட்டால் போதும்.

ஆனாலும் ஒரு வாசகராக நேர்மையாகச் சொன்னால், புத்தகத்துக்குள் கார்சன் இல்லை. அவருடைய துணிச்சலும் அவருடைய பெயருக்கு நேர்ந்ததும் புத்தகம் வந்த பிறகு நடந்தவை. உள்ளே இருப்பது மருந்துப் பெயர்களும் ஆறுகளும் மீன்களும். அழகான எழுத்து, ஆனால் அடர்த்தி. தலைமையையும் நற்பெயரையும் பேச வேண்டுமென்றால் அவர் வாழ்க்கையை நாம்தான் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

நாலாவது, ஜான் கேரிரூ எழுதிய ‘பேட் பிளட்’. 2018இல் வந்தது. எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில், 2003இல் தொடங்கிய தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் கதை. விரல் நுனியில் குத்தி எடுத்த ஓரிரு துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்றார்கள். கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலரைத் தொட்டது. இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்று அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள். இவ்வளவு பெரிய பெயர்கள் இருக்கிற இடத்தில் கருவி வேலை செய்கிறதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கருவி சரியாக வேலை செய்யவில்லை. 2015 அக்டோபரில் கேரிரூவின் முதல் கட்டுரை வந்தது, 2018இல் கம்பெனி மூடப்பட்டது. ஹோம்ஸ் 2022இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பதினோரு வருஷத்துக்கு மேல் தண்டனை வாங்கினார். இந்தத் தீர்ப்பு புத்தகத்தில் இருக்காது, புத்தகம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

நாங்கள் வாசித்தது எரிக்கா சியுங் என்ற பெண்ணைப் பற்றிய பகுதி. பட்டம் வாங்கிய கையோடு அந்தக் கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். நோயாளியின் ரத்தத்தை வைப்பதற்கு முன், விடை தெரிந்த மாதிரி ஒன்றை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பார்கள். அந்தச் சோதனையில் கருவி திரும்பத் திரும்பத் தோற்றது. ஒத்துவராத எண்களை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வைத்துத் தேறிவிட்டதாகக் கணக்குக் காட்டினார்கள். எரிக்கா கேள்வி கேட்டார், பயனில்லை, வேலையை விட்டார். பிறகு அரசாங்கக் கண்காணிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். கூட வேலை பார்த்த டைலர் ஷுல்ட்ஸ், இயக்குநர் குழுவில் இருந்த அந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸின் பேரன். தாத்தா பேரனை நம்பவில்லை, கம்பெனியைத்தான் நம்பினார். பேரனுக்காக அவன் பெற்றோர் வக்கீல்களுக்குச் செலவழித்தது நாலு லட்சம் டாலருக்கு மேல்.

வாசித்து முடித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை மேசையில் இருந்தேன். பத்து மாதிரியில் ஒன்று எல்லைக்கு வெளியே போனது. மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாடிக்கையாளர் வருகிறார், மறுபடி எடு என்றார். மறுபடி எடுத்தேன், அதுவும் வெளியே போனது. மூன்றாவது தடவை உள்ளே வந்தது. முதல் எண்ணின் மேல் வெள்ளை மையைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேல் மூன்றாவது எண்ணை எழுதினேன். மேசை விளக்கு வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறதோ, அந்தப் புடைப்பு என் விரலில் இன்னும் இருக்கிறது.

நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குப் பட்டது இதுதான். முதல் மூன்றிலும் உண்மையைக் கையில் வைத்திருப்பவர் ஏதோ ஒரு உயரத்தில் இருக்கிறார். கலாம் திட்ட இயக்குநர், வூ லியென் தே பேரரசு அனுப்பிய டாக்டர், கார்சன் அதற்கு முன்பே பேர்வாங்கிய எழுத்தாளர். நாலாவதில் மட்டும் உண்மை மேசையில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பெண்ணிடம் இருக்கிறது. எங்கள் வட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் நாளைக்கு அந்த மேசைக்குத்தான் போகப்போகிறார்கள். பினாங்கில் மருத்துவக் கருவி செய்கிற தொழிற்சாலைகள் எத்தனை என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ என்ற குறளைப் பள்ளியில் மன்னன் பக்கத்திலிருந்துதான் விளக்கினார்கள். இடித்துச் சொல்கிறவருக்கு என்ன ஆகும், அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார், அவருடைய அம்மா என்ன சொல்வார் என்று கேட்கிற புத்தகம் இந்த ஒன்றுதான்.

ஆகவே ‘பேட் பிளட்’. எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. பெரியவர் கேட்டார்: “ஏம்மா, பிள்ளைகளுக்கு நல்லவர் கதையைக் கொடுக்காமல் ஏமாற்றுக்காரி கதையையா கொடுப்பது?” நான் சொன்னேன்: “ஐயா, புத்தகத்தின் அட்டையில் ஹோம்ஸ் இருக்கலாம், நாம் படிக்கப்போவது எரிக்காவை.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அடுத்து மொழி. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு முழு ஆங்கிலப் புத்தகம் எளிதல்ல. அதனால் அத்தியாயங்களைப் பிரித்துக்கொண்டோம். இருவர் சேர்ந்து ஓர் அத்தியாயத்தைப் படித்து, மண்டபத்தில் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். நிருபர் எழுதிய நடை, துப்பறியும் கதை மாதிரி இழுத்துக்கொண்டு போகும், சமாளித்துவிடுவார்கள். விலையும் ஒரு பிரச்சினை. 600 வெள்ளிக்குப் பத்துப் பிரதிதான் வந்தது. ஜோடியாகப் படிப்பதால் அது போதும்.

உங்கள் வட்டத்தில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் என்றால் நான் கலாமையே சொல்வேன், அந்த 1979, 1980 பகுதியை மட்டும் இரண்டு வாரம் நிதானமாகப் படியுங்கள். நல்ல நூலகமும் பொறுமையும் இருந்தால் ஹார்பின் அத்தியாயங்களை விடாதீர்கள். தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்கள் உங்களோடு உட்கார்வார்கள் என்றால், யோசிக்கவே வேண்டாம், கார்சனை எடுங்கள். அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். எங்கள் அடுத்த வருஷத்துப் புத்தகம் அதுதான், பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

போன ஞாயிறு மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். “அக்கா, மறுபடி எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். முதலில் வந்த எண்ணை என்ன செய்வது?” துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவனுடைய நோட்டை வாங்கினேன். ஓர் எண் எழுதி, அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், கீழே இருக்கிற எண் தெரிகிற மாதிரி. பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்து, தேதி, காரணம். “இப்படி. வெள்ளை மை வேண்டாம்,” என்றேன். அவன் அதற்குக் கீழே தானும் ஓர் எண்ணை எழுதி, கோடு போட்டுப் பார்த்தான்.